ரொட்டியை மூடுவதற்கு முன்

சித்திக்கு ஒரு பழக்கம் இருந்தது. சாண்ட்விச்சோ பர்கரோ எதுவானாலும், மேல் ரொட்டியை வைத்து மூடுவதற்கு முன்னால், பக்கத்தில் நிற்பவரின் மூக்குக்கு நேராகத் தட்டை நீட்டுவாள். "எப்படி இருக்கு, சொல்லு." பெரும்பாலும் நிற்பது நானாக இருக்கும். நான் இல்லையென்றால் அம்மா. அம்மாவும் வேலைக்குப் போயிருந்தால் காஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர், மீட்டர் பார்க்க வந்தவர், ஒருமுறை வீடு மாறிக் கதவைத் தட்டிய இன்சூரன்ஸ்காரர். அந்த மனிதர் டையைக் கையால் பிடித்துக்கொண்டு குனிந்து மோந்து பார்த்தார். "நல்லா இருக்குங்க. ஆனா நான் பாலிசி விஷயமா வந்தேன்" என்றார். சித்தி அதையே பேப்பரில் சுற்றிக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டாள். பாலிசி எடுக்கவில்லை.

"நாலு பேர் பாராட்டலைன்னா இவளுக்கு ரொட்டி மூடாது" என்பாள் அம்மா. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்தத் தட்டு முகத்துக்கு நேரே வரும்போதெல்லாம், புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, "சூப்பர் சித்தி" என்று சொல்லிப் பழகியிருந்தேன்.

சித்தி என் அம்மாவின் தங்கை. சித்தப்பா இறந்த பிறகு ஒரு பெட்டியோடும் ஒரு தோசைக்கல்லோடும் எங்கள் வீட்டுக்கு வந்தவள். அப்பா முன்பே இல்லை. ஆகவே மூன்று பெண்கள், இரண்டு அறைகள், ஒருவர் மட்டும் நிற்கக்கூடிய சமையலறை. இரண்டாவது ஆள் உள்ளே வந்தால் ஃப்ரிட்ஜில் சாய்ந்துதான் நிற்க வேண்டும். வீடு இருந்தது ஒரு பேக்கரியின் மாடியில். விடிந்ததிலிருந்து பத்து மணிவரை படிக்கட்டு வழியாக ரொட்டி வாசனை ஏறி வரும். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் முதலில் சொல்வார்கள். "குடுத்து வச்சவங்க நீங்க. இந்த வாசனையிலேயே வயிறு நிறைஞ்சிடும்." சித்தி தலையை ஆட்டுவாள். "ஆமா, ஆமா. அதுக்குத்தான் வாடகை."

பகலில் அவள் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். குளியலறை கழுவும் திரவம், தரை துடைக்கும் திரவம், துணி வெளுக்கும் திரவம் ஆகியவற்றைப் புட்டியில் நிரப்பி மூடி திருகும் கம்பெனி. சித்தியின் வேலை மூடி திருகுவது. பதிமூன்று வருடம். லீவு நாட்களில், பேக்கரியில் கோணலாகப் போன பன்களையும் முனை ரொட்டிகளையும் வாங்கிவந்து விளையாட ஆரம்பிப்பாள். விளையாட்டு என்றுதான் சொல்ல வேண்டும். சமையல் என்றால் அவளே ஒப்புக்கொள்ள மாட்டாள்.

கேரட்டைத் தீக்குச்சிபோல வெட்டி வினிகரில் ஊறவைப்பாள். பீட்ரூட்டைத் துருவித் தயிரில் பிழிந்து, முட்டைக்கோஸோடு அடுக்குவாள். அதற்கு மேல் உருளைக்கிழங்கு சிப்ஸைக் கையால் நொறுக்கித் தூவி மூடுவாள். கடித்தால் அடுத்த அறைக்குக் கேட்கும். அதற்கு 'சத்தம்' என்று பெயர் வைத்திருந்தாள். பன்னை முழுசாக ஆம்லெட்டுக்குள் சுற்றி வைத்தால் 'மழைக்கோட்டு'. மூன்று ரொட்டி, நடுவில் கட்லெட் ஒரு மாடி, ஆப்பிளும் வெங்காயமும் ஒரு மாடி என்றால் 'வாடகை வீடு'. ஏனென்றால் மேல்மாடிக்காரன் எப்போதும் வழுக்கிக் கீழே வந்துவிடுவான். சூடான கட்லெட்டுக்குக் கீழே ஐஸ்போலக் குளிர்ந்த வெள்ளரித் துண்டுகளை வைப்பாள். "நாக்கு குழம்பணும். குழம்பினாத்தான் அது யோசிக்கும்."

"நாக்கு எதுக்குடி யோசிக்கணும்? முழுங்குனா போதாதா?" என்பாள் அம்மா. "ரொட்டிக்கு நகை போட்டுச் சீர் அனுப்புறா பாரு." சொல்லிக்கொண்டே இரண்டாவதை எடுப்பாள்.

அவள் செய்தவை எல்லாவற்றிலும் சத்தம் இருந்தது, நிறம் இருந்தது, புளிப்பும் காரமும் சூடும் குளிர்ச்சியும் இருந்தன. மல்லித்தழை, புதினா, வறுத்த சீரகம் என்று வாசனைக்காகப் போடும் எதுவும் இருந்ததில்லை. இதை நான் கவனிக்கப் பல வருடங்கள் ஆயின. அவளுடைய தனி ருசி என்று நினைத்தேன். ஒருவருடைய குறையைத் திறமை என்று நினைப்பது எவ்வளவு எளிதாக இருக்கிறது என்று இப்போது யோசிக்கிறேன்.

பதினான்கு வயதில் ஒருநாள் பள்ளியிலிருந்து வந்தபோது படிக்கட்டிலேயே எரியும் நாற்றம் மூக்கைப் பிடுங்கியது. ஓடினேன். அடுப்பின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடி உருகி ஒழுகிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு கை தூரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு, சித்தி முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். வாயில் ஏதோ பாட்டு.

"சித்தி, எரியுது!"

திரும்பினாள். என்னைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். "எது?"

அடுப்பை அணைத்தது நான்தான். பிறகு, எனக்கு ஏன் அப்படித் தோன்றியதோ தெரியவில்லை, அவளைக் கண்ணை மூடச் சொன்னேன். வினிகர் புட்டியைத் திறந்து மூக்கடியில் வைத்தேன்.

"என்ன இது?" என்று கேட்டேன்.

"தண்ணியா?" என்றாள்.

நகப்பூச்சு அழிக்கும் திரவத்தை வைத்தேன். அவள் கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்தாள். புட்டியைப் பார்க்கவில்லை. என் முகத்திலிருந்துதான் விடையைத் தெரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன்.

"முதல் வருஷம் கண்ணு எரிஞ்சுது, தொண்டை எரிஞ்சுது" என்றாள், கத்தியைத் துடைத்துக்கொண்டே. "அப்புறம் வாடையே வரல. பழகிடுச்சுன்னு நினைச்சேன். சந்தோஷமாக்கூட இருந்துச்சு. புதுசா வர்ற பொண்ணுங்க வாந்தி எடுக்கும், நான் மட்டும் ஜம்முன்னு நிப்பேன். சூப்பர்வைசர் என்னைக் காட்டி மத்தவங்களைத் திட்டுவாரு."

"டாக்டர்கிட்ட போலாம் சித்தி."

"போனா கம்பெனியில எழுதிக் கேப்பாங்க. மூக்கு போச்சுன்னு எழுதுனா வேலையும் போச்சு." அப்புறம் குரலைத் தாழ்த்தினாள். "உங்கம்மாகிட்ட சொல்லிடாத. அவ வாய் மைக் செட்டு. நீ இருக்க இல்ல? நீ மோந்து சொல்லு, போதும்."

அன்றிலிருந்து நான் அந்த வீட்டின் மூக்கு. பால் கெட்டதா, முட்டை கெட்டதா, அவள் உடம்பில் வியர்வை நாறுகிறதா, காஸ் கசிகிறதா. வேலைக்குக் கிளம்பும்போது கதவருகே நின்று கையைத் தூக்கிக் காட்டுவாள். "பஸ்ல ஏறலாமா?" ஏறலாம் என்பேன். நாங்கள் இரண்டுபேரும் சிரிப்போம். அம்மா, "என்ன கூத்துடி இது" என்பாள்.

நான் கல்லூரியில் வேதியியல் படித்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குள் முதலில் கால் வைத்தவள் நான்தான். அமிலத்தோடு வெளுப்புத் திரவம் சேர்ந்தால் என்ன வாயு வரும், அது எந்த அளவில் எதை அரிக்கும் என்று பரீட்சையில் எழுதி நல்ல மார்க் வாங்கினேன். சித்தி எதையெதை மூடித் திருகினாள், எத்தனை ஜன்னல் இருந்த அறையில் உட்கார்ந்திருந்தாள் என்று ஒருநாளும் கேட்கவில்லை. புத்தகத்தில் இருந்ததும் வீட்டில் இருந்ததும் ஒன்றுதான் என்று என் மூளைக்கு ஏன் உறைக்கவில்லை?

நான் கடைசி வருடப் பரீட்சை எழுதி முடித்த சமயத்தில் கம்பெனியில் ஒரு வரிசையை மூடிப் பாதிப்பேரை நிறுத்தினார்கள். நிறுத்தப்பட்டவர்களில் சித்தியும் ஒருத்தி. அம்மா அழுதாள். சித்தி அழவில்லை. அடுத்த நாளே பேக்கரிக்காரரிடம் போய், கோணல் இல்லாத நல்ல பன்களைக் கேட்டு வாங்கிவந்தாள்.

"என்னக்கா, வீட்ல விசேஷமா?" என்று கேட்டாராம் அவர்.

"ஆமா. எனக்கு விடுதலை" என்றாளாம்.

பக்கத்துத் தெருவில் ஒரு தையல் கம்பெனி இருந்தது. சட்டை தைப்பவர்கள் நாற்பது பேர். மதியச் சாப்பாட்டை வெளியிலிருந்து ஆர்டர் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சித்தி ஒரு டப்பா நிறைய 'சத்த'த்தோடு போய் அங்கே மேற்பார்வை பார்க்கும் மேடத்தைச் சந்தித்தாள். சும்மா கொடுத்துவிட்டு வந்தாள். மறுநாளும் கொடுத்தாள். மூன்றாம் நாள் மேடம் ஒரு படிவத்தைக் கையில் கொடுத்து, "மூணு மாசம் பாக்கலாம். ஒரு புகார் வராம ஓடிச்சுன்னா நிரந்தரமாத் தர்றேன்" என்றார்.

படிவத்தை நான்தான் நிரப்பினேன். 'உணவைக் கையாளுவதைப் பாதிக்கக்கூடிய உடல்நலக் குறை ஏதேனும் உண்டா?' என்று ஒரு கேள்வி. பேனாவை நிறுத்தினேன்.

"என்ன கேக்குது?"

சொன்னேன்.

"இல்லைன்னு போடு."

"சித்தி..."

"அது குறை இல்லடி. குறைன்னா உன் மூக்கையும் சேத்துதானே குறை? உன் மூக்கு நல்லாத்தானே இருக்கு? இல்லைன்னு போடு."

இல்லை என்று போட்டேன்.

அந்த மூன்று மாதங்களில்தான் அவளை முழுசாகப் பார்த்தேன் என்று தோன்றுகிறது. காலை ஐந்தரைக்குக் குளித்துத் தலையில் துணி கட்டிக்கொள்வாள். சிக்கனை வேகவைத்து நாராகப் பிய்ப்பாள். முட்டையும் எண்ணெயும் அடித்து அவளே மயோனைஸ் செய்வாள். கடையில் விற்பதைக் 'கோந்து' என்பாள். எதையும் முதல்நாளே செய்துவைக்க மாட்டாள். அன்றன்று, காலையில்தான். "என் கண்ணுக்கும் கைக்கும் தெரியாத ஒண்ணு இருக்கு. அதுக்கு நேரம் குடுக்கக் கூடாது" என்பது அவள் கணக்கு. எல்லாம் முடிந்ததும் தட்டு என் முகத்துக்கு வரும். நான் மோந்து தலையாட்டிய பிறகுதான் நாற்பது ரொட்டியும் மூடும்.

கம்பெனியில் பட்டன் தைக்கும் பெண் ஒருத்திக்குச் சித்தியை ரொம்பப் பிடித்துப்போயிற்று. சித்தி அவளை 'பட்டன்' என்றே கூப்பிடுவாள். முதல் பிள்ளை, மூன்றாம் மாதம். எதைச் சாப்பிட்டாலும் வெளியே வந்துவிடுமாம்.

"அக்கா, ஊர்ல உள்ள வாசனை எல்லாம் என் மூக்குலதான் வந்து உக்காருது" என்று ஒருநாள் சொன்னாள். நானும் டப்பா தூக்கிக்கொண்டு கூடப் போயிருந்தேன். "எதுத்த சீட்டுக்காரி எண்ணெய் தேச்சிட்டு வந்தாக்கூட குமட்டுது. உங்க ரொட்டி மட்டும்தான் இறங்குது. இதைச் சாப்பிட்டா காதுக்கும் சேத்து வயிறு நிறையுது."

"உன் மூக்கைக் கொஞ்சம் கடனாக் குடேன்" என்றாள் சித்தி. பட்டன் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு மட்டும்தான் அது வெறும் ஜோக் இல்லை என்று தெரியும். அன்றிலிருந்து அவளுக்கு மட்டும் சிப்ஸ் இரண்டு மடங்கு போகும், டப்பாவின் மேல் ஒரு பட்டன் படம் வரைந்து.

இரண்டாம் மாதம் முடியும்போது பழைய கம்பெனியிலிருந்து ஆள் வந்தது. வரிசையைத் திரும்பத் திறக்கிறார்கள், அனுபவமுள்ளவர்கள் வேண்டும். சித்தி அந்த ஆளுக்கு ஒரு மழைக்கோட்டைச் சாப்பிடக் கொடுத்துவிட்டு, "இன்னும் ஒரு மாசம் கழிச்சுச் சொல்றேன்" என்றாள். அவர் போன பிறகு என்னிடம் சொன்னாள். "அங்க திரும்பிப் போகாம இருக்கணும். அது ஒண்ணுதான் எனக்கு. வேற எதுவும் வேணாம்."

மூன்றாம் மாதத்தின் கடைசி வாரம். வெளியிலிருந்து சட்டை வாங்குகிறவர்கள் கம்பெனியைப் பார்க்க வருகிறார்கள், வியாழக்கிழமை எண்பது சாண்ட்விச் வேண்டும், பதினோரு மணிக்கே வேண்டும் என்று மேடம் சொல்லியனுப்பினார். எண்பது என்பது காலையில் மட்டும் செய்து முடிகிற காரியம் இல்லை. சித்தி தன் கணக்கை ஒரே ஒரு நாளைக்கு மாற்றிக்கொண்டாள். புதன்கிழமை சாயங்காலமே சிக்கனை வேகவைத்துப் பிய்த்து, மயோனைஸோடு பிசைந்து, பெரிய பாத்திரத்தில் ஃப்ரிட்ஜில் வைத்தாள். எங்கள் ஃப்ரிட்ஜ் இடுப்பு உயரம்தான். முட்டைக்கோஸ், வெள்ளரி, கேரட் டப்பாக்களையும் திணித்து, கதவை முழங்காலால் தள்ளி மூடி, ஒரு ஸ்டூலை அண்டக் கொடுத்தாள்.

வியாழக்கிழமை காலை எனக்கு ஒரு நேர்முகத் தேர்வு. பட்டம் வாங்கிய பிறகு ஏழாவது. ஆறிலும் "சொல்லியனுப்புகிறோம்" என்றிருந்தார்கள். வாசலில் உட்கார்ந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டே, கேட்கக்கூடிய கேள்விகளை மனத்துக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன். சித்தி பாத்திரத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து நின்றாள்.

"டிகிரி, நல்லா மோந்து சொல்லு."

பாத்திரம் முகத்துக்கு நேரே இருந்தது. வார் ஓட்டைக்குள் நுழையவில்லை. "நல்லாருக்கு சித்தி" என்றேன்.

"நல்லாத்தானே இருக்கு?"

"சூப்பரா இருக்கு. எனக்கு பஸ் போயிடும்."

அவள் திரும்பிப் போனாள். நான் படியிறங்கினேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு நான் வந்தபோது அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கையில் துடைப்பம், ஆனால் பெருக்கவில்லை. தையல் கம்பெனியில் பதினோரு பேருக்கு வாந்தியும் பேதியும். நாலு பேரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். சட்டை வாங்க வந்தவர்களில் ஒருவரும் அதில் உண்டு. மேடம் போனில் கத்திய கத்தல் பேக்கரிவரை கேட்டதாம்.

"மூக்கைக் கழட்டி வச்சிட்டாடி செஞ்ச?" என்று அம்மா உள்ளே திரும்பிச் சித்தியைக் கேட்டாள். சித்தி சமையலறைத் தரையில் உட்கார்ந்து அந்தப் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரமாகத் தேய்த்திருக்க வேண்டும்.

மறுநாள் நகராட்சியிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தார், குறித்துக்கொண்டார், படிவத்தை எடுத்து அந்தக் கேள்வியில் விரலை வைத்தார். "கெட்ட வாடை தெரியலையாம்மா?"

"எனக்கு அன்னைக்கு ஜலதோஷம் சார்" என்றாள் சித்தி.

"வீட்ல வேற யாரும் பாக்கலையா?"

நான் அவளுக்குப் பின்னால் நின்றிருந்தேன். "இல்ல சார்" என்றாள். "நான் மட்டும்தான்."

பத்துப் பேர் இரண்டு மூன்று நாளில் எழுந்துவிட்டார்கள். பதினோராவது ஆள் பட்டன். நான்காம் நாள் அவளுக்குக் காய்ச்சல் ஏறியது. ஆறாம் நாள் பிள்ளை தங்கவில்லை. இதனால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, வேறு காரணமும் இருக்கலாம் என்று டாக்டர் சொன்னதாகக் கேள்விப்பட்டோம். அந்த 'வேறு காரணமும்' என்ற இரண்டு வார்த்தைகளை நான் பல நாள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். சித்தி ஒருநாள்கூடப் பிடித்துக்கொள்ளவில்லை.

பட்டனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனோம், நானும் சித்தியும். நீளமான அறை, இருபது கட்டில், ஒவ்வொன்றுக்கும் ஒரு பச்சைத் திரை. பட்டனின் மாமியார் எங்களைப் பார்த்ததும் எழுந்து, "எந்த முகத்தை வச்சிக்கிட்டு வந்தீங்க?" என்றாள். சித்தி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். திரைக்குள்ளிருந்து, "விடுங்கத்தை, வரட்டும்" என்று குரல் வந்தது.

பட்டன் அழவில்லை, திட்டவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"வாயில வச்சப்பவே எனக்கு ஒரு மாதிரி வாடை வந்துச்சுக்கா. ஆனா அஞ்சு மாசமா எனக்கு எல்லாமே ஒரு மாதிரிதானே வாடை அடிக்குது. உங்க ரொட்டியாச்சே, என் மூக்குதான் சரியில்லைன்னு சாப்பிட்டேன்." பிறகுதான் திரும்பினாள். "உங்களுக்கு எப்படித் தெரியாமப் போச்சு? மூடுறதுக்கு முன்னாடி மோந்து பாத்திருப்பீங்கல்ல?"

சித்தியின் கை என் முழங்கையைப் பிடித்திருந்தது. பிடி இறுகியது.

"உனக்கு நான் பதில் சொல்லணும்மா" என்றாள். "கண்டிப்பா சொல்றேன். இங்க வேணாம். நீ எழுந்திரிச்சு வீட்டுக்குப் போ. நான் வந்து உன் முன்னாடி உக்காந்து சொல்றேன்."

"வாங்க" என்றாள் பட்டன். அவ்வளவுதான்.

திரும்பி நடந்து வரும்போது, தெருமுனையில் பழம் விற்கும் வண்டிக்குப் பக்கத்தில் சித்தி நின்றுவிட்டாள்.

"காலையில ஃப்ரிட்ஜ் கதவு தொறந்து கிடந்துச்சு. ஒரு விரல் அளவு. ஸ்டூல் நகந்திருந்துச்சு. பாத்திரத்தைத் தொட்டா ஜில்லுன்னு இல்ல."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா கொட்டிடுன்னு சொல்லியிருப்ப."

"சொல்லித்தான் இருப்பேன்."

"கொட்டிட்டு எண்பது பேருக்கு எதை வைக்கிறது? பதினோரு மணிக்கு டப்பா காலியாப் போனா அதுவும் புகார்தானே? அதான், கதவைப் பத்தி வாய் திறக்கல. உன் மூக்கு என்ன சொல்லுதோ சொல்லட்டும்னு விட்டுட்டேன். சரின்னு வரணும்னு வேண்டிக்கிட்டேதான் கொண்டாந்தேன்."

நீ மோந்தாயா என்று அவள் கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது என்று ஒரு சமயம் தோன்றும். நான் மோந்துதான் சொன்னேன், என் மூக்குதான் ஏமாந்தது என்று நம்பியே இருந்தாள் என்று இன்னொரு சமயம் தோன்றும். இரண்டில் எது எனக்கு இலகு என்றுகூடத் தீர்மானிக்க முடியவில்லை. அவள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. ஒரே சமையலறையில், ஒருவர் நிற்க மற்றவர் ஃப்ரிட்ஜில் சாய்ந்துகொண்டு, அப்படியே இரண்டு வருடம் இருந்தோம்.

வீட்டில் பிறகு யாரும் சாண்ட்விச் செய்யவில்லை. சித்தி பழைய கம்பெனிக்குத் திரும்பிப் போனாள். அதே அறை, அதே வரிசை. "என் ஸ்டூல்கூட அப்படியே இருக்குடி" என்று முதல்நாள் வந்து சொன்னாள். சிரிக்க வைக்கப் பார்த்தாள். அம்மா, "ஆமா, உனக்காக மாலை போட்டு வச்சிருந்தாங்களா" என்றாள். மூன்றுபேரும் சிரிக்கவில்லை. அந்த ஏழாவது இடத்தில் என்னை எடுத்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீரில் என்னென்ன கலந்திருக்கிறது என்று சோதித்துச் சொல்லும் கூடம். மாதிரியின் நிறம், தெளிவு, வாடை என்று ஒவ்வொன்றாகக் குறிக்க வேண்டும். வேலையில் நான் கவனமானவள் என்று பெயர்.

பட்டனின் வீட்டுக்குப் போகச் சித்தி மூன்று முறை கிளம்பினாள். முதல்முறை பஸ் நிறுத்தம்வரை போய்த் திரும்பினாள். இரண்டாம் முறை அவர்கள் தெருவுக்குள் நுழைந்து, மாமியார் வாசலில் உட்கார்ந்திருந்ததால் வந்துவிட்டாள். மூன்றாம் முறை நானும் போனேன். தண்ணீர்க் குழாயடியில் நின்று அந்த வீட்டின் நீலக் கதவைப் பார்த்தாள். வாசலில் யாரும் இல்லை.

"என்னன்னு சொல்றது?" என்றாள். "எனக்கு மூக்கு இல்லைன்னு சொன்னா, அப்ப யாரு மோந்தான்னு கேப்பா."

"கேக்கட்டும் சித்தி" என்றேன். சத்தியமாகச் சொன்னேன். ஆனால் குரல் எவ்வளவு மெலிந்து வந்தது என்பது எனக்கே கேட்டது.

அவள் என்னைப் பார்த்தாள். "வேணாம். உனக்கு இப்பத்தான் வேலை கிடைச்சிருக்கு" என்றாள். அந்த இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டிருக்கலாம். குழாயில் முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்தோம்.

இரண்டாம் வருட மழைக்காலத்தில் சித்திக்கு இருமல் வந்தது. கம்பெனி டாக்டர் மாத்திரை கொடுத்தார். இருமல் போகவில்லை, மூச்சு குறைந்தது. படிக்கட்டில் இரண்டு முறை உட்கார்ந்து ஏறினாள், பிறகு நான்கு முறை. படமெடுத்துப் பார்த்தபோது நுரையீரல் இரண்டும் வெந்து சுருங்கியதுபோல இருந்தது. எத்தனை வருடமாக என்ன வேலை என்று பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் கேட்டார். சித்தி சொன்னாள். அவர் பேனாவை மூடிவைத்தார். ஏழு வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், அம்மா அவளுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தபோது இறந்துபோனாள். சீவி முடித்த பிறகுதான் அம்மாவுக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை வீடு நிறைய ஆட்கள். மூடி திருகும் பெண்கள் கூட்டமாக வந்து சுவரோரம் நின்றார்கள். பேக்கரிக்காரர் கடையை மூடிவிட்டு வந்தார். எடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால் பட்டன் வந்தாள், தனியாக. இளைத்திருந்தாள். இப்போது வேறு இடத்தில் வேலையாம். உள்ளே போய்ச் சித்தியைப் பார்த்தாள். வெகுநேரம் நின்றாள். பிறகு வெளியே வந்து, படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்த என்னிடம் வந்தாள்.

"நீங்கதானே அவங்க அக்கா பொண்ணு? ஆஸ்பத்திரிக்குக்கூட வந்தீங்கல்ல?"

"ஆமாம்."

"உங்க சித்தி எங்கிட்ட ஒண்ணு சொல்றேன்னு சொல்லியிருந்தாங்க. நானும் ரெண்டு வருஷமாக் காத்துட்டு இருந்தேன். கோபம் எல்லாம் போயிடுச்சு. தெரிஞ்சுக்கணும்னு மட்டும்தான் இருந்துச்சு." சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டாள். "ஏதாவது சொல்லிட்டுப் போனாங்களா?"

உள்ளே அம்மா யாரையோ கட்டிக்கொண்டு அழும் சத்தம் கேட்டது.

"இல்ல" என்றேன்.

அவள் தலையாட்டினாள். ஒரு வீட்டு எண்ணைச் சொன்னாள். பழைய தெருதான், நீலக் கதவுக்கு நாலு வீடு தள்ளி மாறியிருக்கிறார்களாம். "எப்பவாச்சும் ஏதாச்சும் சொன்னதா ஞாபகம் வந்தா வந்து சொல்லுங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வீட்லதான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

அது நடந்து பதினோரு மாதம் ஆகிறது. இதை எழுதினால் அந்தப் பதிலைக் கொடுத்ததாக ஆகிவிடாது என்று எனக்குத் தெரியும். சட்டைக் காலரில் இருக்கும் எழுத்தைத் தவிர அவள் வேறெதையும் படிக்கிறவள் இல்லை. வேலை விட்டு நான் வரும் பஸ் அந்தத் தெருமுனையில் ஆறேகாலுக்கு நிற்கிறது. நான் இன்னும் இறங்கவில்லை.